பட்டம் போகட்டும், பயிற்சி போகக் கூடாது

மனநல சமூகப் பணியாளர் என்பவர் யார்? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்குத் தெளிவாக விடை சொல்கிறது. சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் (எம்.எஸ்.டபிள்யூ.) பெற்று, அதன்பின் மனநல சமூகப்பணியில் எம்.பில். முடித்திருக்க வேண்டும். அந்த எம்.பில். 2 ஆண்டு முழுநேரப் படிப்பாகவும், மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளிடம் பெறும் பயிற்சியை உள்ளடக்கியதாகவும் இருக்க வேண்டும். ஆனால், 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிமுறைகள் எம்.பில். பட்டத்தையே நிறுத்திவிட்டன. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கேட்கும் தகுதியை, அரசின் இன்னொரு கை இல்லாமல் ஆக்கிவிட்டது. பிறகு 2024 ஜனவரியில், மருத்துவ உளவியல், மனநல சமூகப்பணி ஆகிய 2 படிப்புகளுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை மாணவர்களைச் சேர்க்கலாம் என்று மானியக் குழு விலக்கு அளித்தது. அவகாசம் தருவதும் அதை நீட்டிப்பதும் இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகாது.

எம்.பில். என்ற பெயர் போவதில் நமக்கு வருத்தம் இல்லை. அந்தப் பெயருக்குள் இருந்த 2 ஆண்டுப் பயிற்சியும் சேர்ந்து போய்விடுமோ என்பதுதான் கவலை. எம்.எஸ்.டபிள்யூ. படிப்பிலும் களப்பணி உண்டு. ஆனால் தொழிலாளர் நலன், ஊரக வளர்ச்சி, குழந்தைகள் பாதுகாப்பு என்று அது பல திசைகளில் விரிந்த படிப்பு. எம்.பில். மாணவரோ மனநல மருத்துவமனையிலேயே வளர்கிறார். புறநோயாளிகள் பிரிவு, குழந்தைகள் மனநலம், போதை மீட்பு, குடும்ப சிகிச்சை, ஊருக்குள் நடக்கும் முகாம் என்று மாறி மாறிப் பணியாற்றுகிறார். தான் பேசிய குடும்பத்தைப் பற்றி எழுதி மூத்தவர் முன்னால் வைக்கிறார். எங்கே அவசரப்பட்டோம், எதைக் கேட்காமல் விட்டோம் என்று சுட்டிக்காட்டப்பட்டுத் திருந்துகிறார். “செத்துப்போயிடலாம்னு இருக்கு” என்று ஒருவர் சொல்லும்போது, அது அலுப்பில் வந்த சொல்லா, நாள் குறித்துவிட்ட முடிவா என்று கண்டுகொள்ளும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. நோயாளி நம்பிச் சொன்னதை எதுவரை காக்க வேண்டும், எப்போது வீட்டாரிடமோ மருத்துவரிடமோ சொல்லியே ஆக வேண்டும் என்பதும் அப்படித்தான் தெரியவரும். வகுப்பறையில் உட்கார்ந்து கற்கக்கூடிய விஷயங்கள் அல்ல இவை.

இவர்கள் செய்யும் வேலை வெளியே அதிகம் தெரிவதில்லை. மனநல மருத்துவர் மாத்திரை எழுதித் தருகிறார். வீட்டுக்குப் போன பிறகு அந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார், “பேய் பிடிச்சிருக்கு” என்று நம்பும் பெரியவர்களுக்குப் புரியவைப்பது யார், மகன் நன்றாக இருக்கிறான் என்று மூன்றாம் மாதமே மருந்தை நிறுத்தப்போகும் தாயைத் தடுப்பது யார்? கணவன் கைவிட்ட பெண்ணைப் பிறந்த வீடு திரும்ப ஏற்கும்படி பேசுவதும், மாற்றுத்திறனாளி சான்றுக்கும் உதவித்தொகைக்கும் வழிகாட்டுவதும், பழைய முதலாளியிடம் போய் வேலை கேட்பதும் மனநல சமூகப் பணியாளரின் வேலைதான். நோயாளியைச் சிகிச்சை முடித்து அனுப்பும்போது அடுத்து என்ன என்று திட்டமிட்டே அனுப்ப வேண்டும் என்கிறது 2017 சட்டம். அந்தத் திட்டம் நடைமுறையில் இவர்கள் கையில்தான் உருவாகிறது.

ஏர்வாடியை நாம் மறந்துவிடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டத்தின் அந்த ஊரில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழி தெரியாத குடும்பத்தார். எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று இன்று சட்டத்தின் 95-ஆவது பிரிவு சொல்கிறது. சங்கிலி பூட்டும் நிலைக்கு ஒரு குடும்பம் போவதற்கு முன்பே அந்த வீட்டுக் கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கவும் வேண்டும்.

பெங்களூருவில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர்வரை சிகிச்சை கிடைக்காமல் இருந்தார்கள். ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது, விகிதம் 0.75-தான். மருத்துவர்களை மட்டும் வைத்து இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது.

இதற்கிடையே தேவை பெருகிக்கொண்டே போகிறது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிலையங்களில், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் அத்தனை பேர் எங்கிருந்து வருவார்கள்? தகுதி உள்ளவர் யார் என்பதை எந்தப் பள்ளி முதல்வர் எப்படிச் சரிபார்ப்பார்? சில வார இணையவழிச் சான்றிதழோடு ‘கவுன்சலர்’ என்றும் ‘சைக்கோதெரபிஸ்ட்’ என்றும் பலகை மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 2 ஆண்டு வார்டிலேயே உழன்று பயின்றவரையும் இவர்களையும் வேறுபடுத்திக் காட்டும் ஏற்பாடு சாமானியர் கையில் இல்லை. உடைந்த மனதோடு வரும் ஒருவர், அரைகுறையாகப் படித்தவரின் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் நேரும் கேட்டுக்குக் கணக்கே இல்லை.

மருத்துவ உளவியலாளர்களுக்கு 1992 சட்டத்தின் கீழ் இந்திய மறுவாழ்வு கவுன்சில் இருக்கிறது, எம்.பில்.லுக்கு மாற்றான படிப்புகளை அது வகுக்கத் தொடங்கிவிட்டது. சமூகப் பணியாளர்களுக்கு அப்படி ஒரு வீடு நெடுங்காலமாக இல்லை. 2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறைகள் ஆணையச் சட்டம்தான் முதன்முதலாக மனநல, மருத்துவ சமூகப் பணியாளர்களைப் பெயர் சொல்லித் தன் அட்டவணையில் சேர்த்தது. அந்தச் சட்டத்தின்படி அமைய வேண்டிய மாநில கவுன்சில்களுக்காக 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே 2 மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. நம் ஆட்சியாளர்களின் அக்கறைக்கு இதுவே சான்று.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சமூகப்பணி முதுகலை முடித்தவர், மேற்பார்வையின் கீழ் 3,000 மணி நேரம் பணியாற்றித் தேர்வும் எழுதினால்தான் தனித்துச் சிகிச்சை அளிக்கும் உரிமம் பெற முடியும். உரிமம் பெற்ற சமூகப் பணியாளரிடம் சிகிச்சையின்போது சொன்னதை வெளியிடும்படி நீதிமன்றமும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1996-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயிற்சியைக் கறாராகக் கேட்டதால்தான் அந்த மரியாதையையும் தர முடிந்தது.

இங்கே வழி அடைபட்டுவிடவில்லை. 2017 சட்டத்தின் வரையறையிலேயே, எம்.பில்.லுக்குப் பதிலாக விதிகளால் வகுக்கப்படும் வேறு தகுதியையும் ஏற்கலாம் என்று இடம் விடப்பட்டிருக்கிறது. சட்டத்திருத்தம் தேவையில்லை, ஒரு விதி போதும். அந்த விதியில் 2 ஆண்டு முழுநேர, மேற்பார்வைப் பயிற்சி ஒரு மணி நேரம்கூடக் குறையாமல் இடம்பெற வேண்டும். பல ஆண்டுகளாகக் களத்தில் இருக்கும் எம்.எஸ்.டபிள்யூ. பட்டதாரிகள் வேலையை விடாமல் அதே அளவு மேற்பார்வைப் பயிற்சியை முடிக்க ஓர் இணைப்புப் படிப்பும் வேண்டும். மாணவர்களுக்கு உதவித்தொகை இல்லாவிட்டால் வசதி படைத்தவர் மட்டுமே இத்துறைக்கு வருவார்கள்.

தமிழ்நாடு அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு. தகுதி பெற்ற மனநலத் தொழில்முறையாளர்களைப் பதிவு செய்து அந்தப் பட்டியலை மக்கள் பார்வைக்கு வைப்பது மாநில மனநல ஆணையத்தின் சட்டக் கடமை. அந்தப் பட்டியல் தமிழில், மாவட்ட வாரியாக, யாரும் கைபேசியில் தேடிப் பார்க்கும்படி இருக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளர் இடங்களை ஒப்பந்தக் கூலியில் ஓட்டாமல், நிரந்தரப் பணியிடங்களாக்கி நிரப்ப வேண்டும்.

ஒன்றிய சுகாதார அமைச்சகம் மாற்றுத் தகுதிக்கான அந்த விதியை இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் வெளியிட வேண்டும்.