தீர்ப்பு வந்துவிட்டது, பணியிடம் எங்கே?

ஜூலை 1, 2015 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆர்.ஓ.பி. (குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய்) தீர்ப்பை விழித்திரை மருத்துவர்களும் பச்சிளங்குழந்தை மருத்துவர்களும் முழுமையாகப் படிக்க வேண்டும். 1996இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29ஆம் வாரத்தில் 1250 கிராம் எடையுடன் பிறந்த பெண் குழந்தை, இன்குபேட்டரில் உயிர் பிழைத்தது. கண்ணை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. பார்வை போயிற்று. தேசிய நுகர்வோர் ஆணையம் அளித்த 5 லட்சம் ரூபாய் இழப்பீடு இத்தீர்ப்பால் ஏறத்தாழ 1.8 கோடியாக உயர்ந்தது. இந்தத் தீர்ப்பைக் கண் மருத்துவர்களாகிய நாம் தயக்கமின்றி வரவேற்க வேண்டும்.

தயங்குவோர் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். அன்று நம் நாட்டில் எழுதப்பட்ட நெறிமுறை இல்லை என்பது முதலாவது. ஆனால் டெர்ரி என்ற கண் மருத்துவர் இந்நோயை விவரித்தது 1942இல். உரிய கட்டத்தில் சிகிச்சை அளித்தால் பார்வையிழப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கலாம் என்று கிரையோ-ஆர்.ஓ.பி. என்ற உறைவு சிகிச்சை ஆய்வு காட்டியது 1988இல். அதாவது அக்குழந்தை பிறப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே. அறிவு நம் கையில் இருந்தது. வழக்குக்கு அஞ்சி இனி யாரும் குறைமாதக் குழந்தையின் கண்ணைத் தொடமாட்டார்கள் என்பது இரண்டாவது. அந்த அச்சம் உண்மையானதுதான். ஆனால் நீதிமன்றம் தண்டித்தது, லேசர் செய்தும் குழந்தையின் விழித்திரை விலகிவிட்டதை அல்ல. பார்க்காமலும் சொல்லாமலும் விட்டதைத்தான். தேதியிட்டுப் பார்த்து, கண்டதை எழுதி, அடுத்த பரிசோதனை நாளை டிஸ்சார்ஜ் சீட்டில் குறித்துக் கொடுப்பவருக்கு இத்தீர்ப்பு பாதுகாப்பே.

அப்படிப் பார்ப்பதற்கு ஆள் எங்கே என்பதுதான் கேள்வி. 2010இல் சுமார் 35 லட்சம் குறைமாதப் பிரசவங்கள் நடந்த நாடு இது. மாவட்ட மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் பெருகியதால், முன்பு இறந்துபோயிருக்கக்கூடிய குழந்தைகள் பிழைக்கின்றன. அந்தப் பிரிவுகளுக்கு வார்மர் வந்தது, செவிலியர் வந்தார்கள். விழித்திரை மருத்துவர் வரவில்லை. ஏன் வருவார்? இதயத்துக்கும் நரம்புக்கும் டி.எம்., எம்.சி.எச். என்று உயர்பட்டமும் அதற்கேற்ற பணியிடமும் உண்டு. விழித்திரை கற்க விரும்பும் இளைஞர், எம்.எஸ். முடித்தபின் பெரும்பாலும் ஓர் அறக்கட்டளை அல்லது தனியார் கண் மருத்துவமனையில் ஃபெலோஷிப் சேர வேண்டும். தேசியத் தேர்வு வாரியத்தின் மிகச் சில எஃப்.என்.பி. ஃபெலோஷிப் இடங்களை விட்டால் வேறு வழி அரிது. கற்றுத் தேர்ந்து அரசுப் பணிக்குத் திரும்பினால், பதிவேட்டில் அவர் வெறும் கண் மருத்துவர். லேசர் இல்லாத ஊருக்கு மாற்றப்படலாம். ஆண்டு முடிவில் அவரிடம் கேட்கப்படுவது கண்புரை அறுவை எண்ணிக்கை. 1976 முதல் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தை நடத்திவரும் அரசு, கண்புரையைத் தாண்டி எண்ணப் பழகவில்லை. இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். பதில், ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒற்றை வரிதான்.

தொலைமருத்துவம் போதுமே என்பார்கள். கர்நாடகத்தின் கிட்ராப் திட்டம், பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் ரெட்கேம் என்ற விழித்திரைக் கேமராவுடன் ஊர் ஊராகச் சென்று படமெடுக்க முடியும் என்று நிரூபித்திருக்கிறது. நாமும் அதைப் பின்பற்ற வேண்டும். ஆனால் படம் நோயைக் கண்டுபிடிக்கும், தீர்க்காது. உடனே சிகிச்சை தேவைப்படும் டைப் 1 நிலை என்று தெரிந்தபின் நமக்கு இருப்பது 48 முதல் 72 மணி நேரம். அதற்குள் அந்தச் சிறு கண்ணில் இன்டைரக்ட் லேசர் செய்யப் பழகிய கை ஒன்று எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். அந்தக் கையை உருவாக்க ஆண்டுகள் பிடிக்கும். அன்றைய மருத்துவக் கவுன்சிலும் சுகாதாரத் துறையும் அந்த ஆண்டுகளைத்தான் வீணாக்கிவிட்டன.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் விழித்திரைக்கென்றே ஒரு பணியிடம். அரசு மருத்துவர் சம்பளத்தோடு ஃபெலோஷிப் படிக்க அனுமதி. படித்து வந்தவர் லேசர் உள்ள இடத்திலேயே பணிபுரிய உத்தரவாதம். இழப்பீட்டை நீதிமன்றம் உத்தரவிட்டது, அரசு கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. பணியிடத்துக்கு அப்படி ஓர் உத்தரவு வராது. அடுத்த குழந்தையின் முதல் கண் பரிசோதனைக்கான முப்பதாவது நாள் கடப்பதற்குள் அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான்.