ஆமோஸ் கைதட்டலுக்காகப் பேசவில்லை

ஆமோஸ் புத்தகத்தை நம்ம ஆட்கள் தோட்டத்துக் கதையாக வாசிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கேமரன் மலையில் கொழுந்து எடுத்த குடும்பத்தில் பிறந்தவன் நான். கள்ளத் தராசைப் பார்த்துக் கொதிக்கும் தீர்க்கதரிசி எனக்கு அந்நியனா என்ன? நமக்குத் தோதான பக்கங்களை மட்டும் வாசிக்கிறோம் என்பதுதான் என் சண்டை.

ஆமோஸ் யூதாவின் தெக்கோவா ஊர்க்காரர். ஆடு மேய்த்தும் காட்டத்திப் பழம் பார்த்தும் பிழைத்தவர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட வட இஸ்ரவேலுக்குப் போய்ப் பேசினார். செழிப்பான காலம் அது. பணக்கார வீடுகளில் யானைத் தந்த அலங்காரம். சமாரியா அகழாய்வில் அந்தத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஏழையோ ஒரு ஜோடிச் செருப்புக்கு விலைபோனான். இதையெல்லாம் சொன்னதற்கு, பெத்தேல் ஆசாரியன் அமத்சியா அவரை ஊரைப் பார்த்துப் போகச் சொன்னான்.

இதுவரை நமக்கு இனிக்கும். வெள்ளைக்கார துரையும் கங்காணியும் ஞாபகத்துக்கு வருவார்கள். 1929இல் போ தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு இந்தச் சரிவுகளில் தமிழ்க் கைகள் உழைத்திருக்கின்றன. அந்தக் கணக்கைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆனால் ஆமோஸ் பேசும் விதத்தைக் கவனியுங்கள். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப், யூதா என்று அக்கம்பக்கத்தாரை வரிசையாகச் சாடுகிறார். கேட்கிறவன் கைதட்டுவான். எட்டாவதாக வருவது இஸ்ரவேல், அதாவது கைதட்டியவனே. கடைசி அதிகாரத்தில் இன்னும் பெரிய அடி: உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்தவர்தான் பெலிஸ்தரையும் சீரியரையும் அவரவர் இடத்திலிருந்து கொண்டுவந்தார் என்கிறார். பிழைக்க இடம்பெயர்ந்த கதை யாருக்கும் தனிச்சொத்து இல்லை.

இன்றைக்கு மலையில் வேலை செய்பவர்களில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் நிறைய. ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்தவர்கள் பலர். அவர்களை மேய்க்கும் மண்டோர்களில் நம்மவரும் உண்டு. அவன் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால், “பங்களாக்காரன்தானே” என்று நகர்ந்துவிடுகிறோம்.

“நம்ம பிள்ளைங்களுக்கே சொந்த வீடில்ல, இவனுங்களுக்கு வேற பேசணுமா?” என்பார்கள். வீடில்லாத குறை நிஜம்தான். அதை அடுத்தவன் வயிற்றில் அடிக்கும் அனுமதியாக ஆமோஸ் ஒப்புக்கொள்ள மாட்டார். ஏழையிடம் அடகு வாங்கிய துணியை விரித்துப் பலிபீடத்தருகே சாய்ந்திருந்தவர்களையும் அவர் விடவில்லை. அடகு வாங்கிய போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்கச் சொன்னது மோசேயின் சட்டம்.

போர்வைக்கே அந்தச் சட்டம் என்றால், பாஸ்போர்ட்டுக்கு?