பழைய செம்பும் புதிய சில்லும்

ஒரு பொருள் பழையதாயிற்று என்று நாம் கூறுங்கால், அதனுள் எது பழையதாயிற்று என்று ஆராய்ந்து கூறுவார் சிலரே. தன் உடல் தேய்ந்து பழையதாவது ஒன்று. தான் தேயாதிருக்கவும், தனக்கு இணையாயிருந்த வேறொரு பொருள் மாறிவிட்டமையால் பழையதெனத் தள்ளப்படுவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுதல் நம் காலத்துப் பெரும் பிழைகளுள் ஒன்று என்பது என் கருத்து. அதனை ஒரு சிறு பொருளைக்கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

கணிப்பொறியில் படங்களை வரைந்து காட்டுதற்கும், இந்நாளிற் பெருங்கணக்குகளை விரைந்து செய்தற்கும் பயன்படுவது கிராபிக்ஸ் கார்டு. அதன் நடுவிலுள்ள சில்லு வேலை செய்யுங்கால் மிகவும் சூடேறும். அச்சூட்டை விசிறிகளால் தணிப்பது பொது வழக்கம். நீரினால் தணிக்க விரும்புவோர் வாட்டர் பிளாக் என்னும் செப்புக்கட்டியைச் சில்லின்மேல் இறுக்கி வைப்பர். அதனுள்ளே மயிரிழை போன்ற வாய்க்கால்கள் கீறப்பட்டிருக்கும். பம்பு நீரை அவற்றினூடே செலுத்தும். சூடேறிய நீர் ரேடியேட்டரை அடைந்து ஆறி மீளும். கார்டுகளோ சில ஆண்டுகளுக்கொருமுறை மாறிவருகின்றன. புதிய கார்டு வாங்கிய மாணவர் ஒருவர், தம் பெட்டியிற் கிடக்கும் பழைய வாட்டர் பிளாக்கை எடுத்து அதற்குப் பொருத்தலாமா என்பதே ஈண்டு எழும் வினா.

இதற்கு இருதிறத்தார் இருவகையாக விடை கூறுவர். ஒரு சாரார், பழையது புதியதன் வெப்பத்தைத் தாங்காது, எறிந்துவிடுக என்பர். மற்றொரு சாரார், செம்பு செம்பே, நீர் நீரே, எப்படியேனும் திருகிவிடுக என்பர். இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. பாதியுண்மையைக் கொண்டு வேலை செய்யத் தொடங்கினால் முழுநட்டமே விளையும்.

முதற் கூற்றை முதலில் ஆராய்வோம். 2016-இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1080 கார்டின் மின்செலவு 180 வாட். 2022-இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டினுடையது 450 வாட். வெப்பம் இரண்டரை மடங்காயிற்று என்பது மெய்யே. ஆயினும் நிமிடத்திற்கு 4 லிட்டர் நீர் ஓடுமாயின், 450 வாட் வெப்பம் முழுவதையும் ஏற்றபோதும் அந்நீர் ஒருமுறை பிளாக்கைக் கடப்பதனால் அடையும் சூடு 2 பாகைக்கும் குறைவே. இதனை நம் வகுப்பில் எவரும் ஒரு தாளிற் கணக்கிட்டுக் காணலாம். ஒரே கொள்ளளவில், காற்றைப்போல் மூவாயிரம் மடங்குக்கு மேற்பட்ட வெப்பத்தை ஏற்கும் இயல்பு நீருக்கு உண்டு. அவ்வியல்பு கார்டு மாறியதனால் மாறிவிடவில்லை.

செம்பின் நிலையும் அத்தகையதே. 1981-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டக்கர்மன், பீஸ் என்னும் இருவர், சிலிக்கனிற் கீறிய நுண்வாய்க்கால்களில் நீரைச் செலுத்தி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வெப்பத்தை அகற்றிக் காட்டினர். மேற்கூறிய 4090 கார்டின் வெப்பம் முழுவதையும் 609 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள அதன் சில்லின்மேலேயே ஏற்றிக் கணக்கிட்டாலும், சதுர சென்டிமீட்டருக்கு 74 வாட் அளவே வரும். ஆதலின், நன்றாகச் செய்யப்பட்ட பழைய பிளாக், வெப்பத்தின் மிகுதி ஒன்றுபற்றியே தோற்றுவிடும் என்பது பொருந்தாது.

அங்ஙனமாயின் மாறியது யாது? திருகாணித் துளைகளின் இடைவெளி மாறியது. சில்லின் பரப்பு மாறியது. 1080-இன் சில்லு 314 சதுர மில்லிமீட்டரே யாதலின், அதற்கென அமைந்த பிளாக்கின் வாய்க்கால்கள் புதிய சில்லின் ஓரங்களைத் தழுவாதிருத்தல் கூடும். சில்லைச் சூழ்ந்த சிற்றுறுப்புகளின் உயரமும் மாறியது; அவை பிளாக்கின் அடியை முட்டுமாயின், செம்பு சில்லைத் தொடாமலே நின்றுவிடும். மெமரிச் சில்லுகளின் இடமும் மாறியது. 2020-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டில் அவற்றுட் பாதி பலகையின் பின்புறத்தே அமைந்தன. ஆகவே பழையதாயிற்று செம்பன்று, பொருத்தமே பழையதாயிற்று.

இரண்டாம் கூற்றின் தீங்கை யான் படித்தறிந்ததிலும் பட்டறிந்ததே மிகுதி. சில ஆண்டுகளுக்கு முன், யானும் விடுதி நண்பர் ஒருவரும், சில்லை மட்டும் மூடும் பழைய பிளாக் ஒன்றை அவருடைய புதிய கார்டின்மேல் திருகினோம். சில்லின் சூடு முன்னினும் மிகக் குறைந்தது கண்டு களித்தோம். ஆனால் விசிறிகளைக் கழற்றியபோது, மெமரிக்கும், மின்னழுத்தத்தைச் சீர்படுத்தும் உறுப்புகளுக்கும் வீசிய காற்றையும் உடன் கழற்றிவிட்டோம் என்பதை நினைத்தோமில்லை. திரையிற் கண்ட எண் ஒன்றே எமக்கு உலகமாயிற்று. ஒரு மாலை திரை இருண்டது. கார்டு மீண்டும் எழவில்லை. நண்பர் அதற்காக ஓராண்டு சேர்த்த பணம் அம்மாலையோடு போயிற்று. அவர் என்னை ஒருசொல்லும் கடிந்திலர். அதுவே எனக்கு மிக்க வருத்தமாயிற்று.

ஆதலின் என் முடிபு இது: பழைய பிளாக்கைப் புதிய கார்டுக்குப் பொருத்துதல் தகும், ஆனால் அளந்த பின்னரே தகும். முதலாவது, நம் பௌதிகச் சாலையிலுள்ள வெர்னியர் காலிப்பரை எடுத்துத் துளைகளின் இடைவெளியையும், சில்லின் நீள அகலங்களையும், சுற்றுறுப்புகளின் உயரத்தையும் அளந்து எழுதுக. துளைகள் ஒவ்வாவிடின், பிளாக்கைத் துளையாது, அதனைத் தாங்கும் தகட்டைப் புதிதாக வெட்டிக்கொள்க. உயரம் போதாதெனின் இடையே செப்புத்தகடு வைப்பர் சிலர்; அதனால் வெப்பம் கடக்கவேண்டிய பொருத்துவாய் ஒன்று இரண்டாகும் என்பதை மறவற்க.

இரண்டாவது, மெமரிக்கும் மின்னுறுப்புகளுக்கும் தனியே தெர்மல் பேட் ஒட்டிய தகடுகளும், அவற்றின்மேல் வீசும் விசிறி ஒன்றும் அமைக்க. மூன்றாவது, பிளாக்கைத் திறந்து வாய்க்கால்களைக் கழுவி, இறுகிப்போன ரப்பர் வளையத்தை மாற்றுக. மெய்யாகவே முதுமையடைவது அவ்வளையமே. செப்புப் பிளாக்குடன் அலுமினிய ரேடியேட்டரை ஒரே நீரிற் சேர்த்தல் ஆகாது. 1800-இல் வோல்டா என்பார் இருவேறு உலோகங்களுக்கிடையே ஈரம் வைத்து மின்கலம் கண்ட கதையை நாம் அறிவோம். அதே கதை குழாய்க்குள் நிகழ்ந்து அலுமினியத்தைத் தின்றுவிடும்.

நான்காவது, தெர்மல் பேஸ்ட் தடவி, எதிரெதிர்த் திருகாணிகளைச் சிறிது சிறிதாக முடுக்கி, பின் கழற்றிப் பார்க்க. பேஸ்ட் சில்லு முழுவதும் சீராகப் படிந்திருந்தாலன்றி மின்சாரம் தரற்க. மூடியற்ற சில்லின் ஓரம் ஒருபுறச் சுமையால் உடைந்துபோம். கார்டுக்கு மின்சாரம் தருமுன் பம்பை மட்டும் பல மணிநேரம் ஓட்டி ஒழுக்கு உண்டோ எனக் காண்க.

இத்துணைத் தொல்லை எதற்கு, புதிதொன்று வாங்கிவிடலாமே என்பார்க்கும் ஒரு விடை உண்டு. அளந்து பார்த்து, ஒவ்வாதென்று கண்டு புதிது வாங்குவாரை யான் குறைகூறேன். அளவாமலே வாங்குவாரும், அளவாமலே பொருத்துவாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பேன். அன்றியும், இப்பிழையிற் பெரும்பங்கு செய்வோருடையது. கார்டுதோறும் துளைகளை இடம்பெயர்ப்பது இயற்கையின் கட்டளையன்று. 2022-இல் ஏ.எம்.டி. நிறுவனம் தன் ஏ.எம்.5 என்னும் புதிய பிராஸஸர் அமைப்பை வெளியிட்டபோது, முந்திய ஏ.எம்.4 அமைப்பின் குளிர்விப்பான்களுட் பல அதற்கும் பொருந்துமாறு துளைகளை அமைத்தது. பிராஸஸருக்கு இயன்றது கிராபிக்ஸ் கார்டுக்கு ஏன் இயலாது? துளையிடைவெளியை மாற்றாதிருத்தல் இயலாதெனின், அளவுப்படத்தையேனும் விற்கும்போதே வெளியிடுதல் அவர் கடன்.

மாணவ நண்பர்களே! நம்முட் பலர் நாளை இத்தகைய பொருள்களை வரைந்து செய்யும் தொழிலில் அமர்வோம். அந்நாளில், நாம் இடும் நான்கு துளைகளின் இடைவெளி எங்கோ ஓர் எளியவருடைய பெட்டியிற் கிடக்கும் நல்ல செம்பைக் குப்பையாக்கவும் கூடும். மீண்டும் பயன்படச் செய்யவும் கூடும் என்பதை நினைவிற் கொள்வோமாக. அதுவரை, எறியுமுன்னும் அளப்போம், திருகுமுன்னும் அளப்போம்.