இரண்டாம் மாடியிலிருந்து சொன்ன சாட்சி

2022 ஜூலை 27. அப்போது புஜைராவில் இருந்த யாரும் அந்த நாளை மறந்திருக்க மாட்டோம். அந்த மழையில் துறைமுகப் பகுதியில் மட்டும் 255.2 மில்லிமீட்டர் பதிவானது. எங்கள் ஊரில் சில வருஷங்களில் மொத்தமாகச் சேர்த்தாலும் இவ்வளவு பெய்யாது. ஹஜர் மலையிலிருந்து வாடிகள் வழியே இறங்கிய வெள்ளம் தெருவுக்குள் வந்தது. கார்கள் மிதந்தன. அமீரகத்தில் 7 பேர் இறந்தார்கள். 7 பேருமே நம்மைப் போல ஆசியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

எங்கள் ஃப்ளாட் இரண்டாம் மாடியில். கரண்ட் போனதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சில நாள் கழித்து ஒரு வீட்டில் செபக்கூட்டம். எனக்கு அப்போது 16 வயது. என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். "நாங்க குடும்பமா முழங்கால்ல நின்னு செபிச்சோம். ஆண்டவர் எங்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வர விடல" என்றேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அம்மா முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

கூட்டம் முடிந்து டீ கொடுக்கும்போது, கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்த ஓர் அண்ணன் வந்தார். குமரி மாவட்டத்துக்காரர், கராஜில் வேலை. அவரும் இன்னும் 5 பேரும் தங்கியிருந்த அறை கீழ்த்தளத்தில். படுக்கை, துணிமணி, ஊருக்குக் கொண்டுபோக வாங்கி வைத்த சாமான் எல்லாம் போய்விட்டது. என் தோளைத் தட்டி, "நல்லா பேசின மக்கா" என்றார். பிறகு மெதுவாக, "நானும் அன்னைக்கி ராத்திரி செபம் பண்ணிட்டுதான் இருந்தேன்" என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. ஆனால் அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. என் சாட்சிப்படி பார்த்தால் ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார், அவருடையதைக் கேட்கவில்லை. உண்மையில் எங்களைக் காப்பாற்றியது அப்பாவின் சம்பளத்தில் கட்ட முடிந்த இரண்டாம் மாடி வாடகை. அதை நான் என் விசுவாசத்தின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

வளைகுடாவில் வளர்ந்த நமக்கு இந்த மாதிரி சாட்சிகள் பழக்கம். புரமோஷன் கிடைத்தது, விசா கிடைத்தது, நல்ல காலேஜில் சீட் கிடைத்தது. நன்றி சொல்வது தவறே இல்லை. ஆனால் "நான் நம்பினேன், அதனால் கிடைத்தது" என்று சொல்லும்போது, கிடைக்காதவர் சரியாக நம்பவில்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். கடவுள் பெயரைச் சொல்லி நம்மையே உயர்த்திக்கொள்கிறோம்.

அந்த அண்ணனின் மாவட்டத்திலிருந்தே ஒரு புனிதர் வந்திருக்கிறார். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை. உயர்சாதிக் குடும்பம், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் வேலை. அவருக்கு அடுக்கடுக்காக நஷ்டங்கள் வந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் இழந்த பிறகும் கடவுளை விடாத மனிதனின் கதை. 1745-ல் வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். வைத்துக்கொண்ட பெயர் தேவசகாயம், அதாவது கடவுளின் உதவி.

அந்தப் பெயர் வைத்த பிறகு அவருக்கு என்ன கிடைத்தது? 1749-ல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். நம் செபக்கூட்டக் கணக்கில் பார்த்தால் அவர் சாட்சி சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனாலும் 2022 மே 15 அன்று, எங்கள் ஊர் வெள்ளத்துக்கு இரண்டரை மாதம் முன்பு, திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அவரும் தாழ்மையைப் பேச்சில் நிறுத்தவில்லை. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாக உட்கார்ந்தார். அன்றைய சமூகத்தால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே எனக்கு இப்போது தோன்றுவது இது. "நான் ஒன்றுமில்லை" என்று செபத்தில் சொல்வது சுலபம். செபக்கூட்டத்தில் யார் சோபாவில், யார் கதவோரத்தில் தரையில் என்று பார்த்தால் நம் தாழ்மை தெரிந்துவிடும். இன்னொன்று, தாழ்மையை அடுத்தவருக்கு உபதேசம் பண்ணக் கூடாது. சம்பளம் வராத ஒருவரிடம் "கடவுளை நம்பிப் பொறுமையா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். அவருக்கு அரபியும் ஆங்கிலமும் தெரியாது, நமக்குத் தெரியும். புகார் எழுத உதவுங்கள், கூடப் போங்கள். அவர் கேட்ட செபத்துக்குப் பதில் நீங்களாகக்கூட இருக்கலாம்.

நமக்கும் இங்கே எதுவும் சொந்தமில்லை. 25 வயதுக்கு மேல் நான் அப்பாவின் விசாவில் இருக்க முடியாது. பிறந்த ஊரிலேயே இருப்பேனா என்று தெரியாது. விசா கிடைத்தால்தான் கடவுள் நல்லவர் என்று நினைத்தால், அந்த நம்பிக்கை விசாவோடு காலாவதியாகிவிடும்.

இனி சாட்சி சொல்லும் முன் எனக்கு நானே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். கீழ்த்தளத்து அண்ணன் முன்னால் உட்கார்ந்திருந்தால் இதைச் சொல்வேனா? நீங்களும் அடுத்த முறை அப்படிக் கேட்டுப் பாருங்கள்.