வென்றது பரல்

என்னிடம் தமிழ் படித்த பெண் இன்று வழக்கறிஞர். பாலியல் வன்முறை வழக்கொன்றில், பாதிக்கப்பட்டவள் தரப்பில் தர வேண்டிய எழுத்துவழி இறுதி வாதத்தைப் பெயர்களை மறைத்துத் தமிழ் திருத்தக் கொண்டுவந்தாள். ‘நல்ல குடும்பத்தில் பிறந்த ஒழுக்கமான இப்பெண்’ என்று தொடங்கியிருந்தது. இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் அந்த வரியைத்தான் முதலில் அடித்தேன்.

“நீதிபதிக்கு இரக்கம் வர வேண்டாமா மேடம்?” என்றாள்.

ஒழுக்கத்தை நாமே எடுத்து மேசைமேல் வைத்தால், எதிர்த்தரப்பு அதை எடைபோடத்தானே செய்யும்? மதுரா வழக்கில், உடலில் காயமில்லை, கூச்சலில்லை என்று சொல்லி இரு காவலர்களை 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. பெண்கள் தெருவில் இறங்கிய பிறகே 1983இல் சட்டம் திருந்தியது. பெண்ணின் நடத்தையைக் காட்டி அவள் சாட்சியத்தைக் குலைக்க இடம் தந்த பிரிவு நீங்க 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரை காத்திருந்தோம். சட்டம் வெளியே தள்ளியதை நம் முதல் வரியே உள்ளே அழைக்கலாமா?

பாண்டியன் அவையில் கண்ணகி என்ன செய்தாள்? ஊரும் கணவன் பெயரும் சொன்னாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தன் மனைவி சிலம்பில் இருப்பது முத்து என்று மன்னனே சொன்னான். சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. தொடக்கத்தில் சொன்னதை முடிவில் காட்டினாள். வழக்கை வென்றது பரல். நாம் சிலை வைத்ததோ கற்புக்கு.

இன்றைய சட்டமும் அதையே கேட்கிறது. குற்றச்சாட்டு இது, இன்ன சாட்சியங்களால் நிரூபிப்பேன் என்று சொல்லித்தான் அமர்வு நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் வழக்கைத் தொடங்க வேண்டும். பழைய சட்டத்தில் பிரிவு 226, புதியதில் 249. பாதிக்கப்பட்டவளின் வழக்கறிஞர் அவருக்கு உதவலாம்; சாட்சியம் முடிந்தபின், நீதிமன்றம் அனுமதித்தால், எழுத்தில் வாதம் தரலாம். வாய்திறந்து வாதாடும் உரிமை இல்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிடைப்பதே சில தாள்கள். அவற்றிலும் நன்னடத்தைச் சான்றிதழா எழுதுவது?

‘அவள் சம்மதிக்கவில்லை’ என்று தொடங்கினோம். அதை எந்தச் சாட்சி சொன்னார், எந்த ஆவணம் உறுதிசெய்கிறது, குறுக்கு விசாரணையில் எது அசையாமல் நின்றது என்று வரிசைப்படுத்தினோம்.

“தோற்றுவிட்டால்?”

தோற்கலாம். ஆனால் நாளை வரப்போகிறவள் கணவனை விட்டு வந்தவளாக இருக்கலாம், இரவு வேலைக்குப் போகிறவளாக இருக்கலாம், குடிப்பவளாகவும் இருக்கலாம். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கென்று எழுதிய வாதம் அவளை வாசலிலேயே நிறுத்திவிடும். இது அவளோடும் உள்ளே போகும்.