கடலைக்கும் குடுமி!

எங்கள் ஊர் குடுமியான்மலை. சாமி பூவை அர்ச்சகர் ஆசைநாயகிக்குக் கொடுத்துவிட, திடீரென்று ராஜா வந்து நிற்க, அவள் தலையிலிருந்த பூவையே உருவிப் பிரசாதமாக நீட்டினாராம். பூவில் நீளமாக ஒரு முடி! 'சாமிக்குக் குடுமி இருக்கு மகாராஜா' என்று அர்ச்சகர் அளந்துவிட, சிகாநாதரும் குடுமியோடு காட்சி கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்.

என்னை யாரும் காப்பாற்றவில்லை.

2018-ல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சார், விட முடியுமா? அப்பா களத்தில் காயப்போட்டிருந்த விதைக்கடலையை அவசர அவசரமாகச் சாக்கில் கட்டிப் போட்டுவிட்டு நண்பர்களோடு பஸ் ஏறிவிட்டேன்.

மலையே நீலம். குறிஞ்சி பன்னிரண்டு வருஷம் சும்மா பச்சையாக நிற்கும். பிறகு ஒரே நேரத்தில் எல்லாச் செடியும் பூத்து, விதையைக் கொட்டிவிட்டு, செத்துப்போகும். எவ்வளவு பொறுமை!

பத்து நாள் கழித்து அம்மா சாக்கை அவிழ்த்தாள். "கடலையெல்லாம் பூத்துப் போச்சுடா!"

பருப்புக்குப் பருப்பு பச்சையும் மஞ்சளுமாகக் குடுமி. தமிழில் குறிஞ்சியும் பூக்கிறது, பூசணமும் பூக்கிறது. என்ன அநியாயம்! பூசணம் செடியே கிடையாது. உறவுமுறை பார்த்தால் செடியைவிட நமக்குத்தான் நெருங்கின சொந்தமாம். சொந்தக்காரன் புத்திதானே... பன்னிரண்டு வருஷமெல்லாம் காத்திருக்காது, கொஞ்சம் ஈரம் போதும்.

"அலசிக் காயவெச்சு வறுத்துடலாம்" என்றாள் அம்மா.

ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்கிற இந்தப் பூசணத்தின் விஷம் வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஈரலைத்தான் பிடிக்கும். 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் மளமளவென்று செத்தன. தீவனத்தில் கலந்த பிரேசில் கடலைப் பிண்ணாக்குதான் காரணம். அதைத் துருவிப் போய்த்தான் 'அஃப்ளடாக்ஸின்' என்று விஷத்துக்குப் பேர் வைத்தார்கள்.

"அப்ப ஆட்டிட்டு, பிண்ணாக்கை மாட்டுக்கு..."

"பால்ல வந்துடும்மா."

அப்பா ஒன்றும் பேசவில்லை. இரண்டு மூட்டையையும் தரிசில் கொட்டிக் கொளுத்தினார். அந்தப் பட்டத்துக்குக் கடன் வாங்கித்தான் விதை வாங்கினோம். அந்தக் கடனை என் சம்பளத்தில்தான் அடைத்தேன். இருந்தாலும் அவர் அன்று பேசாமல் இருந்தது இன்னும் உறைக்கிறது.

அடுத்த குறிஞ்சி 2030-ல். போன வாரம் பேச்சுவாக்கில் சொன்னேன். அப்பா ஒரு கடலைக்காயை எடுத்து என் காதோரம் ஆட்டினார். உள்ளே பருப்பு கலகலத்தது.

"இந்தச் சத்தம் கேட்டப்புறம் பஸ் ஏறு."