நாலு மணிக்குப் பிறகு

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாலையில் கொழுந்து எடை போடும் இடத்தைப் பார்த்தால் தெரியும்: மூட்டையோடு நிற்கும் பெண்களுக்கு நடுவே பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை, அம்மா இடுப்பில் கட்டிய படுதாவைப் பிடித்தபடி. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே, 50 பெண்கள் வேலை செய்தால் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. நகரத்து அலுவலகங்களுக்கு அந்த ஞானம் வந்தது 2017-இல்தான்! ஆனால் காப்பகத்துக்கு வயது வரம்பு ஆறு. 2020-இன் புதிய சட்டத் தொகுப்பிலும் அதே ஆறு. ஏழு வயதுப் பிள்ளை தானே வளர்ந்துகொள்ளும் என்று நினைத்துவிட்டார்கள் போலும். காலைப் பொழுதை, 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஓரளவு பார்த்துக்கொள்கிறது. விடியுமுன் அடுப்போடு மல்லுக்கட்டும் வேலை அம்மாவுக்கு ஒன்று குறைந்தது. மாலைக்குத்தான் ஆளில்லை. பாட்டி இருந்தால் பாட்டி, இல்லாவிட்டால் பக்கத்து லயன் வீட்டு அக்கா. அந்த அக்காவும் கொழுந்துக்குப் போயிருந்தால், கழுத்துக் கயிற்றில் சாவி தொங்க, எட்டு வயது அண்ணன் தங்கையைக் கூட்டிக்கொண்டு தேயிலைச் சரிவில் இறங்குகிறான். கரடி நடமாடும் பாதை அது. மார்கழியில் ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.